மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்: வேலிக்கு உள்ளே நாலரை, வெளியே இரண்டு

டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இணையத்தில் எடுத்தால் 35, 550. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அதே டிக்கெட்டில் அன்றைக்கே ஐந்து ரதங்களையும் பார்த்துவிடலாம், அதனால் உள்ளே நுழைந்ததும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். அப்போதே போவது நல்லது. கடல் பக்கச் சிற்பங்களில் வெளிச்சம் விழுவது காலையில்தான், வளாகத்துக்குள் நிழலும் குறைவு.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், பாறையைக் குடையாமல் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் இது. 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலோர் இரண்டு விமானங்களும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு சிவன் சன்னதிகளுக்கும் நடுவே, மேலே விமானமே இல்லாமல், பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். குனிந்து பார்க்காவிட்டால் தவறிவிடும். வளாகத்தில் தனியாக நிற்கும் சிங்கத்தையும் விடக்கூடாது. அதன் மார்பில் குடைந்த சின்னக் குழிக்குள் கொற்றவை அமர்ந்திருக்கிறாள்.

கிழக்குச் சன்னதியின் உள்சுவரில் சோமாஸ்கந்தர், அதாவது உமையோடும் குழந்தை முருகனோடும் அமர்ந்த சிவன், இருக்கிறார். முகம், கை, குழந்தை எல்லாம் இன்னும் அடையாளம் தெரிகின்றன. வெளியே வந்து கடலைப் பார்த்த சுவரின் சிங்கங்களைப் பாருங்கள். கண்ணும் பல்லும் கரைந்து வெறும் உருண்டையாக நிற்கும். அலை அடித்து வந்த தேய்மானம் என்று பலர் நினைக்கிறார்கள். உப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. உப்புக்காற்று கல்லின் நுண்துளைக்குள் ஈரமாகப் போகிறது. வெயிலில் காயும்போது உப்பு படிகமாகிப் பருத்து, கல்லின் மணிகளை உள்ளிருந்தே நெட்டித் தள்ளுகிறது. தொல்லியல் துறை காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பி, காயவிட்டு உரிக்கிறது. கல்லில் இருக்கும் உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துப் போனால் சுவர் திட்டுத்திட்டாக வெள்ளையாகத் தெரியும், பதற வேண்டாம். கடலோரம் கொட்டிய பாறைகளும் வளர்த்த சவுக்கும் இதே காவலுக்குத்தான். பராமரிப்புக்கு ஐந்தில் நாலரை தாராளமாகத் தரலாம்.

வேலியைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினால் கதை வேறு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பதினான்கு வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. மணலில் கிடப்பதோ அதே கப், அதே பாக்கெட். சுற்றுலா வருபவர்கள் போட்டது இது. அலைக்கோட்டில் ஒதுங்கும் நைலான் வலைத் துண்டு, தெர்மோகோல், செருப்பு போன்றவை வேறு கணக்கு, பெரும்பாலும் கடல் வழியாக வருபவை. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்று முகத்துவாரங்கள் வழியே ஊர்க்குப்பை கடலுக்குப் போய், திரும்பக் கரைக்கே வருகிறது. ஆகவே நவம்பர், டிசம்பரில் பெருமழை ஓய்ந்த கையோடு கடற்கரைக்காகப் போகாதீர்கள். கோயிலுக்காக மட்டும் போகலாம்.

கொஞ்சம் பொறுக்கிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் ரப்பர் கையுறை, கத்தரி, பழைய அரிசிச் சாக்கு மூன்றும் கொண்டுபோங்கள். மெல்லிய கேரிபேக் வேண்டாம், உடைந்த பாட்டில் கிழித்துவிடும். தெர்மோகோலை முதலில் எடுங்கள், மிதிபட்டால் மணியாக உதிர்ந்து பிறகு எடுக்கவே முடியாது. மணலில் புதைந்த வலையை வெடுக்கென்று இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். மணலை விலக்கி, தெரியும் வரை வெட்டி எடுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் சாக்கைத் தூக்க முடியாது. ஊசி தென்பட்டால் கையால் தொடாதீர்கள். கடற்பாசியும் கிளிஞ்சலும் குப்பை அல்ல. படகோரம் காயும் வலையும் அப்படித்தான், அது மீனவரின் பிழைப்புக்கான மூலதனம்.

நிரம்பிய சாக்கை மணலோரத் திறந்த தொட்டியில் போட்டால் நாயும் காக்கையும் கிளறி, காற்று திரும்பக் கடற்கரைக்கே கொண்டுவரும். வாயைக் கட்டி, ஊருக்குள் துப்புரவுப் பணியாளர் கையிலேயே கொடுத்துவிடுவது உத்தமம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரையோரம் ஏறும். அந்த மாதங்களில் அலைக்கோட்டுக்கு மேலே ஆழமாகத் தோண்டாதீர்கள். இரவில் டார்ச் வெளிச்சமும் வேண்டாம்.

கடற்கரைக்கு ஐந்தில் இரண்டு. அந்த இரண்டும் காலை வெயிலுக்கும் வடக்கே வரிசையாக நிற்கும் படகுகளுக்கும்தான். இங்கே குளிக்க இறங்காதீர்கள். அலை காலை வாரி உள்ளே இழுக்கும், பாறைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. குழந்தைகள் தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கோவளம் போங்கள். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கடற்கரை அது. அங்கேயும் உயிர்காப்புக் காவலர் நிற்கும் பகுதியைத் தாண்டி இறங்க வேண்டாம்.