1/72 வாட்டர்லூ வீரர்கள்: பல வருட பெயிண்டிங் அனுபவம்

1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படையின் பொம்மை உருவங்களை 1/72 அளவில் பல வருடங்களாகப் பெயிண்ட் செய்து வருகிறேன். ஐந்தடி எட்டு அங்குல ஆள் இந்த அளவில் 24 மில்லிமீட்டர்தான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது எந்த பிரஷ், எந்த பிராண்ட் என்று. என்னைக் கேட்டால், அடியில் என்ன பூசினோம், மேலே என்ன பூசி மூடினோம் என்பதுதான் முக்கியம். நடுவில் போட்ட வேலை நிலைப்பதும் உரிந்து போவதும் அதில்தான் இருக்கிறது.

காரணம் பிளாஸ்டிக். இந்த அளவு உருவங்கள் பெரும்பாலும் வளைந்துகொடுக்கும் பாலித்தீன் வகையில் வருகின்றன. அதில் பெயிண்ட் லேசில் பிடிக்காது. பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) ஒருமுறை வளைந்தாலே தோல் தோலாக உரியும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போக, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிசாக ஒரு கோட், அதற்கு மேல் பெயிண்ட் பிடிக்க உதவும் அக்ரிலிக் பிரைமர். ஃபெவிகால் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வளையும். இப்படிச் செய்த பழைய உருவங்களில் பயோனெட் முனைகூட இன்னும் உரியவில்லை.

பெயிண்டில் வயஹோ (Vallejo) மாடல் கலர்தான் என் தேர்வு. சொட்டு பாட்டில், காற்று உள்ளே போகாததால் வருடங்கள் கழித்தும் கெட்டியாவதில்லை. திறக்கும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும். அதனால் 000 போன்ற பொடி பிரஷ்ஷை விட்டுவிட்டேன். நுனி கூர்மையான 1-ஆம் நம்பர் பிரஷ் நிறையப் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும். அப்புறம், டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூ விரித்து மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் பேப்பர் போட்டால் கலந்த நிறம் அடுத்த நாளும் ஈரமாக இருக்கும்.

சிவப்புதான் பொறுமையைச் சோதிக்கும். எந்த பிராண்டாக இருந்தாலும் கறுப்பு மேல் சிவப்பு எடுபடாது. கீழே பழுப்பு கொடுத்தால் அழகாக ஏறும். சாதாரண வீரர்களின் கோட்டு மஞ்சிட்டி வகை வேர்ச்சாயத்தில் தோய்த்தது, செங்கல் நிறத்தை ஒட்டி இருக்கும். அதிகாரிகளுக்குத்தான் பளிச்சென்ற கொச்சினீல் (பூச்சிச் சாயம்) சிவப்பு. இந்த வேறுபாட்டைக் காட்டினால் கூட்டத்திலும் அதிகாரி தனியே தெரிவார். மார்பில் குறுக்கிடும் வெள்ளை பெல்ட்டுக்கு முதலில் அடர்பழுப்பில் சற்று அகலமான கோடு, உள்ளே வெளிர் சாம்பல், மேடான இடத்தில் மட்டும் சுத்த வெள்ளை. ஓரத்தில் மிஞ்சும் அந்த முடியளவு பழுப்புதான் இரண்டடி தள்ளிப் பார்த்தாலும் பெல்ட்டைப் பிரித்துக் காட்டும்.

காலரும் கைமடிப்பும் ரெஜிமென்ட்டைச் சொல்லும். வாட்டர்லூவில் ஹால்கெட் என்ற தளபதியின் கீழ் நின்ற பிரிகேடிலேயே 33-ஆம் ரெஜிமென்ட்டுக்குச் சிவப்பு, 69-ஆம் ரெஜிமென்ட்டுக்குப் பச்சை. இந்த 69-ஆம் ரெஜிமென்ட்டின் இன்னொரு பட்டாலியனைச் சேர்ந்தவர்கள்தான் 1806 வேலூர்க் கிளர்ச்சியின்போது கோட்டைக்குள் இருந்தவர்கள். அந்தப் பச்சையைப் பூசும்போதெல்லாம் எனக்கு வேலூர்க் கோட்டை நினைவுக்கு வரும். போருக்கு முந்தைய இரவு முழுக்க மழை என்பதால் சாம்பல் கால்சட்டைகளின் கீழ்ப்பகுதியில் சேற்று நிறத்தைத் தாராளமாகவே தடவுகிறேன்.

கடைசியில் வார்னிஷ். கையில் எடுத்து விளையாடும் உருவம் என்றால் முதலில் கிளாஸ் (பளபளப்பான வகை), அது காய்ந்ததும் மேட் (பளபளப்பில்லாத வகை). மழைக்காலத்தில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். ஈரப்பதத்தில் ஒரு ஸ்ப்ரே நான் பெயிண்ட் செய்த ஒரு கம்பெனி வீரர்களையே வெள்ளைப் புகையாக மூடிவிட்டது. அதன் பிறகு பிரஷ்ஷில் பூசும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டும்தான். ஆரம்பத்திலேயே பெரிய பெயிண்ட் செட் வாங்கவும் தேவையில்லை. சிவப்பு, வெள்ளை, கறுப்பு, அடர்பழுப்பு, நடுச்சாம்பல், தோல் நிறம், பித்தளை, எஃகு, கூடவே நீங்கள் எடுத்த ரெஜிமென்ட்டின் காலர் நிறம்: ஒரு பட்டாலியனை முடிக்க இது போதும்.