மானூர் வெள்ளைக் கத்தரி விதை: ஒரு பட்டம் வளர்த்துப் பார்த்தபின்

மானூர்ப் பக்கம் நாட்டு விதைகளைச் சேகரித்து விற்கும் ஒருவரிடம் சென்ற ஆடிப்பட்டத்துக்கு வெள்ளைக் கத்தரி விதைப் பொட்டலம் ஒன்றை 40 ரூபாய்க்கு வாங்கினேன். இரசாயன உரம் காணாத நிலத்திலேயே ஏழு பட்டம் பயிரிட்டு, மண்ணின் நுண்ணுயிர்களோடு ஒத்துப்போய்த் தானே தேறிய செடிகளை மட்டும் விதைக்கு நிறுத்தியதாக அவர் சொன்னார். வெளிநாடுகளில் இப்படி நுண்ணுயிர் நிறைந்த உயிர்மண்ணுக்கேற்ற வகைகளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி மிகுதியாகப் பேசுபவர்கள் கஞ்சா வளர்ப்போர். இங்கே உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்த வழி கத்தரியில் எடுபடுமா என்று பார்ப்பதோடு என் ஆவல் நின்றது.

அவர் சொன்னதில் சாரம் இருக்கிறது. மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) தட்டுப்பாடு வரும்போது கத்தரியின் வேர் ஒருவகைச் சுரப்பை மண்ணில் விட்டு வேர் உட்பூசணத்தை அழைக்கிறது. பூசணம் வேருக்குள் புகுந்து, தன் இழைகள் எட்டும் தூரத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி இந்த உறவைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரம் கொட்டிய வயலில் தேர்ந்தெடுக்கும் விதையில் இந்தக் குணம் இருக்கிறதா இல்லையா என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆட்டுக்கிடை மறித்த (எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்த) செம்மண் பாத்தியில் பதினைந்து நாற்றும், பல ஆண்டு வாழைக்குக் காம்ப்ளக்ஸ் உரம் போட்ட பாத்தியில் பதினைந்தும் நட்டேன். முதல் ஒரு மாதம் வாழைப் பாத்தியே செழிப்பாக இருந்தது. புரட்டாசி வெயிலில் நான்கு நாள் தண்ணீர் விடத் தவறியபோது அங்கே இலைகள் துவண்டன. கிடைப் பாத்தியில் மதியம் தலைசாய்த்தவை மாலைக்குள் நிமிர்ந்துவிட்டன. பட்டம் முடிந்து பிடுங்கிப் பார்த்ததில், கிடைப் பாத்திச் செடியின் சல்லிவேர்களைச் சுற்றி மண் உறைபோல ஒட்டியிருந்தது, உதறினாலும் உதிரவில்லை. மற்றதில் வேர் வெறுமையாக வந்தது. இந்த வேறுபாட்டில் விதைக்கு எவ்வளவு பங்கு, கிடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க, பக்கத்திலேயே வேறொரு கத்தரியையும் நட்டிருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

குறைகளும் உண்டு. முப்பதில் நான்கு செடி ஊதாக் காய் காய்த்தது. கத்தரியில் வண்டும் தேனீயும் அயல் மகரந்தத்தைக் கொண்டுவருவது இயல்பு, போதிய இடைவெளி விடாமல் விதை எடுத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். பொட்டலத்தில் விதை எடுத்த மாதம் கிடையாது. கூடவே உட்பூசணப் பொடி ஒன்றையும் வாங்கச் சொன்னார். தொழுவுரமும் கிடையும் கண்ட மண்ணுக்கு அது வீண்செலவு என்று விட்டுவிட்டேன்.

காய் சிறிது, தோல் மெல்லியது, புளிக்குழம்பில் கரையாமல் நிற்கிறது. கிடைப் பாத்தியின் மூன்று செடிகளில் காய்களை மஞ்சளாகும்வரை விட்டு விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன்.