துளை விழுந்த கருவிழிக்கு எந்தக் குப்பி? எம்.கே., கார்னிசால், கிளிசரின்: ஒரு மதிப்பீடு

நெல் உமி தெறித்து, பூஞ்சைப் புண்ணாகி, கடைசியில் கருவிழியில் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம், கார்னியா) ஓட்டை விழுந்து வரும் கண்ணுக்கு நாள் குறித்துக் காத்திருக்க முடியாது. கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையின் நீர் வடிந்து கண் தொளதொளத்துப் போயிருக்கும். கதிராளி (கண்ணின் நிறப்பகுதி, ஐரிஸ்) வந்து ஓட்டையை அடைத்து நிற்கும். ஓட்டை 2 மி.மீ.க்குள் இருந்தால் சயனோஅக்ரிலேட் பசையும் பேண்டேஜ் லென்ஸும் வைத்துச் சமாளிக்கலாம். 3 மி.மீ.யைத் தாண்டினால் கொடையாளியின் கருவிழியை வைத்துத் தைக்கும் ஒட்டுத்தான். அந்த நேரத்தில் தானக் கருவிழியைச் சேமித்த எந்தக் குப்பி கண் வங்கியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

எம்.கே. மீடியம் (சேமிப்புத் திரவம்) பழைய ஆள். மெக்கேரியும் காஃப்மனும் 1974இல் வெளியிட்ட கலவை, டி.சி.-199 என்ற செல் வளர்ப்புத் திரவத்தில், திசு உப்பாமல் காக்கும் டெக்ஸ்ட்ரான் 5%. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் வங்கி தயாரித்துக் கொடுக்கிறது. விலை குறைவு. 2 முதல் 8 டிகிரியில் 4 நாள் தாங்கும், அதற்கு மேல் நம்பக் கூடாது. திரவத்தின் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறினாலோ கலங்கினாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். உள்ளே கிருமி வளர்ந்து அமிலம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வாரம் முழுக்க தானம் வந்துகொண்டிருக்கும் ஊரில் இந்தக் குப்பியே போதும்.

கார்னிசால் மதுரை ஆரோலேபின் தயாரிப்பு. காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் டெக்ஸ்ட்ரானும் கொண்டது. 14 நாள் கணக்கு. இறக்குமதியாகும் ஆப்டிசால்-ஜி.எஸ். என்ற சேமிப்புத் திரவத்துக்கு மாற்றாகத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த 14 நாள், நீரை வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் உள்ளடுக்குச் செல்களுக்குச் சொன்னது. கருவிழியின் மேல்தோல் அவ்வளவு நாள் பொறுக்காது. ஒரு வாரம் தாண்டினால் உரிந்து வரத் தொடங்கும், ஒட்டுப் போட்ட பின் புண் ஆறாமல் இழுத்தடிக்கும். இன்னொன்றையும் விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை: இரண்டு மீடியத்திலும் இருப்பது பாக்டீரியாவுக்கான மருந்துதான், பூஞ்சைக்கு எதுவும் இல்லை. அந்த மருந்தும் குளிரில் சரியாக வேலை செய்யாது. குப்பியை வெளியே எடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்த பிறகே செல் எண்ணிக்கை பார்ப்பதும் வெட்டுவதும். ஃப்ரீசரில் தவறி வைத்த குப்பி வீண்.

மூன்றாவதுதான் ஓட்டை விழுந்த கண்ணுக்கு உண்மையான துணை: தூய கிளிசரினில் போட்ட கருவிழி. உள்ளடுக்குச் செல் எண்ணிக்கை குறைந்து, பார்வை ஒட்டுக்கு (பார்வை திரும்ப வைக்கும் ஒட்டு) ஆகாது என்று ஒதுக்கிய திசுவை இப்படிச் சேமிக்கலாம், மாதக்கணக்கில் இருக்கும். கிளிசரின் நீரை உறிஞ்சிவிடுவதால் செல்கள் செத்துவிடும், நார்ச்சட்டம் மட்டும் மிஞ்சும். உயிர்ச்செல் இல்லாததால் உடல் ஒட்டை நிராகரிப்பதும் குறைவு. குறை என்னவென்றால், உள்ளடுக்கு இல்லாத திசு தெளியாது. முழுத்தடிமனாக வைத்தால் வெள்ளையாகவே நிற்கும். ஓட்டையை மூடிக் கண்ணைக் காப்பாற்றத்தான் இது, பார்வைக்கு அல்ல. இதை நோயாளியின் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிறகு வம்பு.

கிளிசரின் குப்பியிலிருந்து எடுத்ததும் நேராகத் தைக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் கலந்த சலைனில் நன்றாக அலசி, 15 முதல் 30 நிமிடம் ஊற வைக்க வேண்டும். அவசரத்தில் இதைக் குறைத்தால் திசு தோல் மாதிரி விறைத்து நிற்கும், ஊசி வளையும். ஊறியதும் உப்பிவிடும் என்பது எதிர்ப்பக்கத் தொல்லை: ஒட்டின் விளிம்பு படிக்கட்டுப் போல உயர்ந்தால் மேல்தோல் அதன் மேல் ஏறி மூடாது. அடுக்காகச் சீவி மெலிதாக்கிய பிறகு வைப்பது நல்லது.

வெட்டும் கட்டத்தில்தான் அதிகம் சொதப்புகிறது. தளர்ந்த கண்ணின் மேல் ட்ரெஃபைனை (வட்டமாக வெட்டும் கருவி) அழுத்தினால் வட்டம் கோணிப்போகும், கதிராளியும் லென்ஸும் முன்னுக்குத் தள்ளப்படும். லேசாகப் பதித்து அடையாளம் மட்டும் வைத்து, விஸ்கோஎலாஸ்டிக் (முன்னறையை நிரப்பும் ஜெல்) செலுத்தி, மீதியைப் பிளேடாலும் கத்தரியாலும் முடிக்க வேண்டும். பூஞ்சை என்றால் புண்ணுக்கு வெளியே 1 மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டும். கொடையாளி வட்டு 0.5 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், சம அளவில் வெட்டினால் விளிம்பு இறுகி, முன்னறை ஆழம் கிடைக்காது. 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூலில் தனித்தனித் தையல் மட்டுமே. தொடர்தையலில் ஓரிடம் தளர்ந்தால் முழுதும் தளரும். கடைசியில் ஃப்ளூரசீன் சாயம் தடவி, நீர் கசிகிறதா என்று பார்க்காமல் கட்டுப் போடாதீர்கள்.

ஆர்டர் போடுபவர்களுக்கு: அன்றாடத்துக்கு எம்.கே., தூரத்து ஊருக்கு அனுப்பவும் பார்வை ஒட்டுக்கும் கார்னிசால். இரண்டு கிளிசரின் குப்பிகள் எப்போதும் அலமாரியில் இருக்கட்டும், எடுத்த தேதியும் கொடையாளியின் ரத்தப் பரிசோதனை முடிவும் லேபிளில் தெளிவாக எழுதி.