நைரோபி–மொம்பாசா மடாராக்கா ரயில்: வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள்

கென்யாவின் நிலத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் காலை 8 மணிக்கு நைரோபியில் கிளம்பும் வண்டியில் ஏறுங்கள். இடையில் ஏழு நிலையங்களில் நின்று போகும், அது நல்லதுதான். மதியம் 3 மணி எக்ஸ்பிரஸ் வேகமானது. ஆனால் நிலநடுக்கோட்டு நாட்டில் வருடம் முழுக்க ஆறரை வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வோய் நிலையம் தாண்டினால் வெளியே எதுவும் தெரியாது.

சுமார் 470 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 1,600 மீட்டர் இறங்கிக் கடலைத் தொடுகிறது பாதை. முதலில் ஆத்தி சமவெளியின் கரிசல். எமாலி பக்கம் வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்கம் கிளிமஞ்சாரோ தெரியும். மேகம் ஏறிவிட்டால் அவ்வளவுதான்.

கிப்வேசியில் கவனமாகப் பாருங்கள். வலப்பக்கம் வரிசையாக நிற்கும் ச்யூலு குன்றுகள், புவியியல் கணக்கில் நேற்று முளைத்த எரிமலைகள். அவற்றின் மேல் ஓர் ஓடைகூடக் கிடையாது. சாம்பலும் நுண்துளைப் பாறையும் மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ள, அந்தத் தண்ணீர் பூமிக்கடியில் ஏறக்குறைய 50 கி.மீ. நகர்ந்து ம்ஸீமா ஊற்றுகளில் பீறிடுகிறது. மொம்பாசாவுக்குக் குழாயில் போகும் குடிநீரில் ஒரு பங்கு அதுதான்.

இடப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு யாட்டா பீடபூமி இருக்கிறது. அடிவானத்தில் மட்டம் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு, 290 கி.மீ. நீளம். பழைய பள்ளத்தாக்கில் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு அது. சுற்றியிருந்த மென்மையான நிலம் அரித்துப் போக, பள்ளம் மேடாக நிற்கிறது.

த்சாவோ தேசியப் பூங்காவில் மண் இரும்புச்சத்தால் செக்கச் சிவப்பு. அதில் புரளும் யானைகளும் அதே நிறம். பாதை உயர்ந்த கரைமேல் போவதால் பார்வை வெகுதூரம் எட்டும். மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் மட்டும் எல்லாம் மறைந்துவிடும். வோய்க்குப் பிறகு டாரு முட்காடு, அலுப்பான பகுதி. மரியாக்கானி தாண்டித் தென்னை தலைகாட்டும்.

சாதாரண வகுப்பில் வரிசைக்கு ஐந்து இருக்கை, ஜன்னல் இரண்டு பேருக்குத்தான். முதல் வகுப்பில் நான்கு. 2024 ஜனவரி உயர்வுக்குப் பின் கட்டணம் முறையே 1,500, 4,500 கென்ய ஷில்லிங். மூன்று மடங்கு கொடுக்க நிலக்காட்சி ஒரு காரணமே அல்ல, இரண்டிலும் அதே கண்ணாடிதான். அசல் பாஸ்போர்ட் வேண்டும். பைச் சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

மொம்பாசாவிலிருந்து வந்தால் பக்கம் மாறும், இடப்பக்கம் கேளுங்கள். ஆனால் எமாலி வருவதற்குள் நண்பகல் ஆகி மேகம் மூடியிருக்கும் என்பதால், கிளிமஞ்சாரோவுக்காக வருபவர்கள் நைரோபியிலிருந்தே கிளம்புவது மேல்.