எண்ணெயும் இன்சூரன்சும் "நாங்க பாத்துக்கிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

தீப்பந்தம் சுற்றுகிற, தீச்சிலம்பம் ஆடுகிற குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் நடந்த கல்யாண வரவேற்பில் எங்கள் குழுப் பையன் ஒருவனுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. ஏற்பாடு செய்த ஈவென்ட் கம்பெனிக்காரர் பேசி முடிக்கும்போது சொன்னது இது: "மாஸ்டர், இன்சூரன்ஸ் ஃபுல்லா போட்டிருக்கோம். எண்ணெயைத் தூக்கிட்டு பஸ்ல அலையாதீங்க, இங்கயே வாங்கி வச்சிடறோம்." மண்ணெண்ணெய்க் கேனோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பது உண்மைதான். சொன்ன மற்றது எதுவும் உண்மையில்லை.

எண்ணெயை முதலில் சொல்கிறேன். ரேஷன் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் மட்டும் என்று கொடுப்பது. வேறு வேலைக்குப் போனால் தெரியட்டும் என்றுதான் அதில் நீலச் சாயமே கலக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு வெள்ளை மண்ணெண்ணெய்தான். விலை அதிகம், அந்த விலையில்தான் கை வைத்திருக்கிறார்கள். வந்தது லேபிள் இல்லாத ஒரு பழைய கேன். பில் கேட்டதற்கு "அப்புறம் தர்றோம்" என்றார்கள். மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாசம்தான் அடித்தது. வழக்கம்போலப் பந்தத்தை முக்கி, பிழிந்து, சொட்டு நிற்கும்வரை உதறி, கேனை மூடித் தூரத்தில் வைத்த பிறகே பற்றவைத்தோம். மண்ணெண்ணெய் என்றால் நெருப்பு துணியின் ஓரத்தில் தொற்றி, மெதுவாக ஏறும். இது 'குப்'பென்று பந்தம் முழுக்கப் பிடித்து, கம்பின் வழியே இறங்கிக் கையைக் கவ்வியது.

ரிசார்ட்டின் தீயணைப்புக் கருவி சமையல்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கொண்டுபோன ஈரச் சாக்குதான் உதவியது. டூத்பேஸ்ட்டோடு ஓடிவந்த பெரியவரைத் தடுத்து, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டவைத்து, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம்.

மிச்ச எண்ணெயை விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் அதில் ஒரு சொட்டு, பக்கத்தில் நல்ல மண்ணெண்ணெய் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். நல்லது எண்ணெய்க் கறையாகப் பரவி அப்படியே நின்றது. அவர்கள் கொடுத்தது கொஞ்ச நேரத்திலேயே ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மங்கலாகத் திட்டு மட்டும் மிஞ்சியது. உள்ளங்கையில் விட்டால் ஜில்லென்று பறந்தது. பெட்ரோலோ தின்னரோ, ஏதோ ஒன்று கலந்திருக்கிறது. மண்ணெண்ணெயின் ஆவி 35 டிகிரிக்குக் கீழே பொறி பட்டுப் பிடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. பெட்ரோலின் ஆவியோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பிடிக்கும். அதனால் கொஞ்சம் கலந்தாலும் போதும். (சித்திரை வெயிலில் நல்ல மண்ணெண்ணெயே அந்த 35-ஐத் தாண்டிவிடும், கேனை நிழலில் வையுங்கள்.) இந்தத் தாள் சோதனை லேசான கலப்படத்தைக் காட்டாது. சீல் உடைக்காத கேன், கடை பில், இரண்டும் கையில் இருந்தால்தான் இப்போது நாங்கள் பந்தத்தை முக்குகிறோம்.

இனி இன்சூரன்ஸ். ஈவென்ட் கம்பெனி காட்டிய பாலிசி உண்மையானதுதான். ஆனால் அது பொதுப் பொறுப்புக் காப்பீடு. விருந்தாளிக்கு அடிபட்டாலோ மண்டபத்துக்குச் சேதம் வந்தாலோ அவர்களுக்குப் பணம் தரும். கூலிக்கு ஆட வந்த கலைஞன் அதில் இல்லை. போதாக்குறைக்கு விலக்குப் பட்டியலில் வாணவேடிக்கையும் தீ நிகழ்ச்சியும் எழுதியே இருந்தது. அதாவது பந்தம் பறந்துபோய் மாப்பிள்ளையின் மாமா மேல் விழுந்திருந்தாலும் ஒரு காசு வந்திருக்காது. "ஃபுல்லா" போட்ட இன்சூரன்ஸ் இதுதான்.

பையன் தன் பேரில் தனிநபர் விபத்துக் காப்பீடும் வைத்திருந்தான். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் போட்டுக் கொடுத்தது. சிலம்பம் ஆடுகிறவன் என்று தெரிந்தும், தொழில் கட்டத்தில் அவர் எழுதியிருந்தது "தனியார் வேலை". விபத்துக் காப்பீட்டில் தொழிலை ஆபத்துக்கு ஏற்ப மூன்றாகப் பிரிப்பார்கள். அலுவலக வேலை முதல் வகை, கைவேலை இரண்டாவது, சுரங்கம், வெடிமருந்து, சர்க்கஸ் எல்லாம் மூன்றாவது. பிரீமியம் அதற்கேற்ப ஏறும். தொழிலை மறைத்ததாகச் சொல்லி கம்பெனி கிளெய்மைத் தள்ளிவிட்டது. ஏஜென்ட்டிடம் போய்க் கேட்டால், "உள்ளதை எழுதினா பிரீமியம் ஏறும்ணே, தம்பிக்கு நல்லதுக்குத்தான் அப்படிப் போட்டேன்" என்கிறார். கமிஷன் அவருக்கு, வெந்த கை இவனுக்கு.

வங்கியில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடும் அவனுக்கு உண்டு. அது இறந்தால் 2 லட்சம், கையோ காலோ கண்ணோ நிரந்தரமாகப் போனால் பணம் என்கிற திட்டம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதில் எதுவும் கிடையாது. எடுத்து வையுங்கள், அதையே நம்பி ஆடாதீர்கள்.

இப்போது குழுவுக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தபோது தொழில் என்ற இடத்தில் "தீச்சிலம்பக் கலைஞர்" என்று நானே எழுதினேன். சில கம்பெனிகள் முடியாது என்றன. ஒத்துக்கொண்ட கம்பெனியில் பிரீமியம் கூடுதல்தான், பரவாயில்லை. உங்களிடம் பழைய பாலிசி இருந்தால் இன்றே எடுத்துத் தொழில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். புதிது என்றால், கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம்.

தள்ளிய கிளெய்முக்கு முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் கம்பெனிகள் மேல் வரும் புகாரை விசாரித்துத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். கொடுத்திருக்கிறோம், விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. ஈவென்ட் கம்பெனி ஆட்டத்துக்கான பாக்கிப் பணத்தைக்கூடத் தரவில்லை. போலீசில் புகார் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. அதே ஆட்கள் தை முகூர்த்தத்துக்கு மதுரைப் பக்கம் குழு தேடுவதாகக் கேள்வி, இந்த முறை வாயில் மண்ணெண்ணெய் ஊதுகிற ஆளும் வேண்டுமாம். போன் வந்தால் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், அவர்கள்தானா என்று சொல்லிவிடுகிறேன்.