சாய்வு சைக்கிளில் மூன்று ஆண்டுகள்: கிளம்புவதுதான் இன்னும் சிக்கல்

இருக்கையில் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டியபடி ஓட்டும் என் சாய்வு சைக்கிளில் (recumbent), நீண்ட செயினைத் தாங்கிச் செல்லும் இடைச்சக்கரம் தேய்ந்துவிட்டதால், சென்ற வாரம் அதை மாற்றினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், தாமும் இப்படியொன்று வாங்கலாமா என்று கேட்டார். வண்டியின் அமைப்பு அவருக்குத் தெரியும் என்பதால், மூன்று ஆண்டுகளாக என்னை விடாமல் படுத்தும் ஒன்றைப் பற்றியே பேசினேன்: நின்ற இடத்திலிருந்து கிளம்புவது.

சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று, உடலின் எடை முழுவதையும் பெடலில் இறக்கிவிடலாம். இதிலோ முதுகு இருக்கையில் படிந்திருக்க, கால்கள் முன்னால் நீண்டிருப்பதால், முதல் மிதியிலேயே வண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு வேகம் பிடித்தாக வேண்டும். அதற்கு, பலமான காலின் பெடலை மேலே கொண்டுவந்து வைத்து, பிரேக்கை விட்டு அழுத்தி மிதிக்கும் அதே கணத்தில், தரையில் ஊன்றிய மற்றக் காலைத் தூக்கிவிட வேண்டும். அரை நொடி தயங்கினாலும் வண்டி சாயும். நின்ற பிறகு கியர் மாறாது என்பதால், நிற்பதற்கு முன்பே அதைக் குறைத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் இருந்த ஒரு சிக்னலில் இதை மறந்து நின்றுவிட்டேன். விளக்கு பச்சையானதும் மிதித்தேன். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. பின்னால் ஹாரன்கள் அலற, இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரம் போனபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

ஓட்டக் கற்றுக்கொள்வதே தனிப்பாடு. சிறு வயதில் பழகிய உடல், தடுமாறியவுடன் ஹேண்டில்பாரை இறுகப் பற்றி, தோளை முன்னால் கொண்டுவருகிறது. இந்த வண்டியில் அதுவே ஆட்டத்தைக் கூட்டுகிறது. லேசான இறக்கத்தில் பெடலைத் தொடாமல் உருண்டு, விரல் நுனிகளால் மட்டும் பிடித்துப் பழகிய பிறகே நேராகப் போக வந்தது.

ஓடத் தொடங்கிவிட்டால் இதற்கு ஈடான வண்டி எனக்குத் தெரியாது. மணிக்கட்டு வலியில்லை, இருக்கை உறுத்துவதில்லை. தாழ்ந்து சாய்ந்திருப்பதால் எதிர்க்காற்று என்னைக் குறைவாகவே தடுக்கிறது. பிரெஞ்சு சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் 1933இல் இவ்வகை வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பழைய சாதனையைக் கடந்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இவ்வகையைப் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தது. அந்த முடிவு அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் அன்றாடம் போகும் வழியில் ஐந்து சிக்னல்கள், அவற்றில் இரண்டு ஏற்றத்தில். அப்படியும் ஆசை விடவில்லை என்றால், ஒரு மாதம் என் வண்டியையே எடுத்துப் போகட்டும். இடைச்சக்கரம் புதிது, செயின் சத்தமும் இப்போது இல்லை.