முழங்கால் வலிக்கு மாத்திரையா ஜெல்லா: எங்கள் வீட்டில் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்ததில்

தர்மபுரி பக்கம் எந்த மெடிக்கலில் போய் மூட்டு வலி என்று சொன்னாலும் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே சேர்மானம்தான், அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும். கம்பெனி பெயர் மாறும், அட்டையின் நிறம் மாறும், உள்ளே இருப்பது அதேதான். அம்மாவின் முழங்காலுக்கு இந்த மாத்திரையும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறோம், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாத்திரை வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் அம்மா சுவரைப் பிடிக்காமல் நடப்பார். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதை இது தடுத்துவிடுகிறது. ஆஸ்பிரின் மாதிரியான இந்த வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971இல் கண்டுபிடித்துச் சொன்ன பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் 1982இல் நோபல் பரிசு வாங்கினார். சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். வலியை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்த இந்த மாத்திரைக்குத் தெரியாது.

வயிறு எரிச்சல் எல்லோருக்கும் தெரியும், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றும் நம்புகிறோம். எரிச்சல் குறையலாம், ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்து போயும் வயிற்றைப் பாதிக்கிறது, அதனால்தான் ஊசியாகப் போட்டுக்கொண்டால்கூட அல்சர் வரும். மலம் தார் நிறத்தில் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், கேஸ் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எனக்கு உண்மையான பயம் கிட்னி பற்றித்தான். கூடவே எழுதித் தரும் பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை வயிற்றைத்தான் காக்கும், கிட்னியைக் காக்காது. டெல்மிசார்டான் மாதிரியான பிரஷர் மாத்திரை, நீர் பிரிவதற்கான மாத்திரை, அதோடு இந்த வலி மாத்திரை என மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று தடுமாற வாய்ப்பு அதிகம், வெயிலில் உடம்பு நீர் வற்றியிருந்தால் இன்னும் மோசம். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் சித்திரை வெயிலில் தக்காளி பறித்துவிட்டு, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல், சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒன்று போட்டுப் படுக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். அப்புறம் நம் மாவட்டத்துக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் பல வருடம் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்தே எலும்பும் மூட்டும் இறுகிப்போனவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த ஃபுளோரைடை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கிட்னி, அந்த வலிக்காகத் தினமும் போடும் மாத்திரை கெடுக்கக்கூடியதும் கிட்னியைத்தான். இது எனக்கு மனசே ஆறாத விஷயம்.

கடைகள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்தை, அட்டையில் பெயரும் தேதியும் தெரியாதபடி வெட்டிக் கையில் கொடுக்கிறார்கள், பிரஷர் இருக்கிறதா, அல்சர் வந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கிருஷ்ணகிரியில் ஒரே ஒரு கடையில் மருந்து கொடுக்கிற பெண், "வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க, பிரஷர் எவ்வளவு இருக்கு" என்று கேட்டுவிட்டு, மாத்திரையைக் கொடுக்காமல் ஜெல்லை எடுத்து வைத்தார். இதயத்துக்கும் இந்த வகை மருந்து ஆபத்து என்பது அவர் சொல்லித்தான் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. வயிற்றைக் கெடுக்காது என்று சொல்லி விற்ற ரோஃபெகாக்சிப் என்ற இதே வகை வலி மாத்திரை, மாரடைப்பு ஆபத்தால்தான் 2004இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

சரி, ஜெல். மாத்திரை மாதிரி உடனே கேட்காது, சில நாள் விடாமல் தடவினால்தான் வித்தியாசம் தெரியும். முழங்கால், கை விரல் மூட்டு மாதிரி தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆழத்தில் இருக்கிற இடுப்பு மூட்டுக்கு அவ்வளவாகப் பயன் இல்லை. ரத்தத்தில் கலப்பது மாத்திரையில் ஒரு சிறு பங்குதான் என்பதால் வயிற்றுக்கும் கிட்னிக்கும் சுமை மிகக் குறைவு. காயத்தின் மேல் தடவாதீர்கள், தடவிவிட்டு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் நன்றாக எரியும்.

என் தேர்வு ஜெல்தான். மாத்திரையை வலி தாங்க முடியாத இரண்டு மூன்று நாளுக்கு, அதுவும் மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்கிறோம். அதில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருப்பதால் கூடவே தனி காய்ச்சல் மாத்திரை போடுவதில்லை. டெங்கு காலத்தில் காய்ச்சலோடு உடம்பு வலித்தால் இந்த அட்டையைத் தொடவே வேண்டாம், ரத்தக் கசிவு அதிகமாகும், வெறும் பாராசிட்டமால் மட்டும் போதும். ஜெல்லில் ஒரே குறை, 30 கிராம் டியூப் இரண்டு முழங்காலுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. மக்கள் மருந்தகத்தில் இதே டைக்ளோஃபெனாக் ஜெல் விலை குறைவாகக் கிடைக்கும், அங்கே முதலில் கேட்டுப் பாருங்கள்.